கோன் நாய்

ஞாயித்துக்கிழமையும் ஷிப்மெண்ட் என்று
செக்கிங்குக்குப் போய்விட்டாள் கோகிலவாணி.
ராத்திரி ஷிப்டு முடித்த கண்ணோடு நான்.
லைன் வீட்டில் கரண்டும் இல்லை.
என்ற மகள் தாரணிகாவுக்கு ரெண்டேகால் வயசு.
பக்கத்துக் கதவு, ஒடிசாக்காரர் பையன் குனாவுக்கு
மூணு இன்னும் ஆகவில்லை.
ரெண்டு பேரும் ஒட்டுக்கா முதுகில் ஏறி
நான் தூங்கிவிடாமல் காவல்.

சரி வாங்க சாமி, ஒரு நாய் பண்ணலாம் என்றேன்.
ஏன் நாய் என்று கேட்காதீர்கள்.
யானை என்றால் தும்பிக்கைக்கு எங்கே போவது?

நூல் தீர்ந்த அட்டைக் கோன் ஒன்று
கம்பெனியிலிருந்து பைக்குள் வந்திருந்தது.
எடுத்து வந்தேன் என்று எழுத மாட்டேன்.
படுக்கப் போட்டால்
கூர்ப்பக்கம் மூக்கு, அகலப்பக்கம் பின்புறம்.
அதன் விளிம்பில் ரெண்டு துணிக் கிளிப்பைக் கவ்வ விட
பின்னங்கால் நின்றுவிட்டது.
முன்னங்காலுக்கு வழியில்லை.
பரவாயில்லை,
தரையை மோந்துகொண்டே இருக்கட்டும்.

மைதா கிண்டி ஆறவைத்தேன்.
கோனில் கொஞ்சம் ஒட்டியது
மகளின் முழங்கையில் மிச்சம்.
பனியன் வேஸ்ட்டில் ஒரு காது பச்சை,
ஒரு காது மிட்டாய் ரோஸ்.
வாலுக்கு டிராக் பேண்ட் நாடா,
அதைப் பிடிக்க இன்னொரு கிளிப்.
கண்ணுக்குக் காலர் பட்டன் ரெண்டு வைத்திருந்தேன்.
திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்றுதான் இருந்தது.
குனாவின் கன்னம் லேசாக உப்பியிருந்தது.
விரலை விட்டு
நாயின் வலது கண்ணை வெளியே எடுத்தேன்.
கை நடுங்கியது எனக்கு.
அவன் சிரித்தான்.

பட்டனே வேண்டாமென்று
கோகிலாவின் கண்மையால் கண் எழுதினேன்.
நாய் கொஞ்சம் அழகாகத்தான் போனது.

நாய் எப்படிடா கத்தும்?
வள், என்றாள் இவள்.
குனா நெஞ்சை நிமிர்த்தி
போ போ, என்றான்.

மகளின் முகம் சுருங்கியது.
நாயை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.
போவாது.
அவன் ஊரில் நாய்கள் அப்படித்தான் குரைக்கும்போல.
இன்னும் உற்சாகமாக, போ போ போ.
போவாது! போவாது!
இவள் அழ, எதற்கென்று தெரியாமல்
அவனும் அழ,
ஒடியாவில் ஒரு வார்த்தை தெரியாத நான்
மண்டிபோட்டு நாலு காலில் நின்று
ரெண்டு பாஷையிலும் குரைத்தேன்.

வாசலில் சபிதா.
ஈரத் துணி வாளியோடு எவ்வளவு நேரமாய் நின்றாளோ.
'அண்ணா, கிளிப் மூணு இல்லே' என்றாள்.
அவள் பார்வை போன இடத்தை நானும் பார்த்தேன்.
கால் ரெண்டு. வால் ஒன்று.
பொதுக்கொடியில் கிடந்ததால்
எங்களுடையது என்றல்லவா நினைத்திருந்தேன்.

கழற்றக் குனிந்தவள்
குழந்தைகளைப் பார்த்தாள், நிமிர்ந்துகொண்டாள்.
ஆடி மாசம். பாலக்காட்டுக் கணவாய்க் காத்து
அவள் வீட்டுக்காரர் சட்டையைத் தூக்கிக்கொண்டு போய்
காம்பவுண்டுக்கு அக்கட்டால முருங்கையில் மாட்டியது.
நான்தான் ஏறி எடுத்துக் கொடுத்தேன்.
முருங்கை ஒடியும் மரம், அது தனிக்கதை.

கோகிலா வந்தபோது மணி பத்தரை.
தலையெல்லாம் பஞ்சு.
'கழுதையாட்டம் இருக்குது' என்றாள்.
பிறகு பச்சைக் காதை நீவிப் பார்த்துச் சொன்னாள்:
'இந்தக் கலரு ரிஜக்ட் ஆன லாட்டுங்க.'

விடிந்து பார்த்தால்
மைதாவுக்கு எறும்பு வரிசை.
மூக்குத் துவாரத்தில் நுழைவதும்
பின்பக்கம் வெளியேறுவதுமாய் இருந்தது.
தட்டிவிடப் போனேன்.
மகள் என் கையைப் பிடித்தாள்.

அப்பா,
மூச்சு உடுது.